நாம் இலவசமாக எழுதியதை அவர்கள் விற்கலாமா?

மைப்புட்டி (இழையைத் தொடங்கியவர்)

அச்சுப்பொறி பழுது பார்ப்பது என் தொழில். ஒரு கேள்வி–பதில் தளத்தில் ஒன்பது ஆண்டுகள் எழுதி வந்தேன். தளத்தின் பெயர் வேண்டாம். காகிதம் சிக்குகிறது, ஓரத்தில் கறுப்புக் கோடு விழுகிறது, இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு போகிறது என்று கேட்டு வருபவர்களுக்கு இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து பதில் எழுதுவேன். ஆயிரத்து நூறு பதில்களுக்கு மேல் இருக்கும். யாரும் எழுதச் சொல்லவில்லை, யாரும் காசு கொடுக்கவில்லை. எனக்குப் பிடித்திருந்தது, எழுதினேன்.

சென்ற ஆண்டு தளம் கைமாறியது. பழைய பதில்களைப் படிக்கக் கணக்குத் திறக்க வேண்டும் என்றார்கள். சில மாதம் கழித்து, பக்கத்தின் மூலையில் ஓர் உரையாடல் பெட்டி வந்து உட்கார்ந்தது. எதைக் கேட்டாலும் பதில் சொல்லும். பார்ப்போமே என்று காகிதம் இழுக்கும் உருளையைப் பற்றிக் கேட்டேன். என்னுடைய வாக்கியம் எனக்கே திரும்பி வந்தது! உருளையை "மாம்பழம் பழுத்ததா என்று அமுக்கிப் பார்ப்பதுபோல்" அமுக்கிப் பாருங்கள் என்று எழுதியவன் நான். அந்த உவமையை வேறு யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். என் பெயர் எங்கும் இல்லை.

அதுகூடப் போகட்டும். ரப்பர் உருளையை ஈரத் துணியால் மட்டும் துடையுங்கள் என்று ஒரு பதிலில் எழுதியிருந்தேன். உலோகத் தொடுமுனைகளை ஸ்பிரிட்டால் துடைக்கலாம் என்று வேறொரு பதிலில் எழுதியிருந்தேன். இரண்டையும் குழப்பி, ரப்பரை ஸ்பிரிட்டில் துடைக்கச் சொல்கிறது அந்தப் பெட்டி. அடிக்கடி அப்படிச் செய்தால் ரப்பர் காய்ந்து விறைத்துப்போகும்.

என் பதில்களை அழிக்கப் போனேன். நாற்பதை அழித்ததும் கணக்கை முடக்கிவிட்டார்கள். சமூகத்தின் சொத்தைச் சேதப்படுத்துகிறீர்கள் என்று ஒரு மின்னஞ்சல். விற்கும்போது அவர்கள் சொத்து, நான் அழிக்கும்போது சமூகத்தின் சொத்து.

இனி எந்தத் தளத்திலும் யாருக்கும் பதில் எழுதுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். இங்கே கேட்க வந்தது ஒன்றுதான். இது திருட்டா, இல்லையா?

கணக்குப்பிள்ளை

இல்லை. உங்கள் கோபம் புரிகிறது, ஆனால் அந்தச் சொல் பொருந்தாது. கணக்குத் தொடங்கிய அன்று "ஏற்கிறேன்" என்ற பொத்தானை அழுத்தியிருப்பீர்கள். உங்கள் எழுத்தைப் பயன்படுத்தவும் மாற்றவும் பிறருக்கு உரிமம் வழங்கவும் தளத்துக்கு அனுமதி தருகிறேன் என்று அதில் எழுதியிருக்கும். ஏறக்குறைய எல்லாத் தளங்களின் நிபந்தனைகளிலும் அந்தப் பத்தி உண்டு.

இதே கேள்வி நீதிமன்றத்துக்கும் போய்வந்தது. ஹஃபிங்டன் போஸ்ட் என்ற அமெரிக்கச் செய்தித் தளத்தை 2011இல் ஏஓஎல் என்ற இணைய நிறுவனம் 315 மில்லியன் டாலருக்கு வாங்கியது. அங்கே ஊதியமின்றி எழுதி வந்த வலைப்பதிவர்கள், அந்த விலையில் எங்கள் உழைப்பும் இருக்கிறது என்று சொல்லி 105 மில்லியன் டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார்கள். மறு ஆண்டே தள்ளுபடி ஆனது. பணம் கிடைக்காது என்று தெரிந்து, கண்ணைத் திறந்துகொண்டே இந்த ஏற்பாட்டுக்குள் வந்தீர்கள் என்று நீதிபதி கூறிவிட்டார்.

இன்னொரு கேள்வி. அந்த ஒன்பது ஆண்டும் சர்வர் வாடகை கட்டியது யார்?

வாய்க்கொழுப்பு

அந்த நிபந்தனைகளை முழுவதும் படித்தவர் ஒருவர்தான் இருக்க முடியும், அதை எழுதிய வழக்கறிஞர். அவரும் பாதியை வேறொரு தளத்திலிருந்து எடுத்து ஒட்டியிருப்பார். அவர்மேல் யாரும் வழக்குப் போடுவதில்லை.

இரவுக்காவல்

கணக்குப்பிள்ளை அவர்களே, ஏஓஎல் பெயரை எடுத்தீர்கள். அதே நிறுவனத்தின் இன்னொரு வழக்கையும் சொல்லியிருக்கலாம். 1990களில் அதன் அரட்டை அறைகளைப் பார்த்துக்கொண்டவர்கள் ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள். பணி நேர அட்டவணை உண்டு, அறிக்கை எழுத வேண்டும், பயிற்சி உண்டு. சம்பளம் மட்டும் கிடையாது. 1999இல் வழக்குப் போட்டார்கள். பத்து ஆண்டுக்கும் மேல் இழுத்துக்கொண்டு போய், கடைசியில் 15 மில்லியன் டாலர் கொடுத்து நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. சமரசம் தீர்ப்பாகாது என்று நீங்கள் சொல்வீர்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கண்ணைத் திறந்துகொண்டு வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே கதி என்றில்லை.

நான் ஒரு பெரிய தளத்தில் ஆறு ஆண்டு மட்டுறுத்துநராக இருந்தவன். பெரும்பாலும் இரவு வேலை. என்ன வேலை என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. விளம்பரக் குப்பையை அள்ளுவது எளிது. தற்கொலை செய்யப் போகிறேன் என்று ஒருவர் எழுதிவிட்டு மறைந்துபோனால், விடியும்வரை அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்துப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. அப்படி மூன்று முறை நடந்தது. அதற்கு விலை போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. விலை போட முடியும் என்றும் தோன்றவில்லை.

ஆனால் 2023இல் ரெடிட் என்ற விவாதத் தளத்தில் நடந்ததைப் பார்த்தபோது வயிறு எரிந்தது. பல ஆண்டுகள் இலவசமாக விட்டிருந்த ஏபிஐக்கு, அதாவது வெளிச் செயலிகள் தளத்தின் தரவை எடுக்கும் வாசலுக்கு, கட்டணம் என்று ஏப்ரலில் அறிவித்தார்கள். ரெடிட்டைப் படிக்க உதவும் அப்போலோ என்ற செயலியை உருவாக்கிய கிறிஸ்டியன் செலிக், இந்தக் கணக்கில் தனக்கு ஆண்டுக்கு 20 மில்லியன் டாலர் ஆகும் என்றார். ஜூன் 12 அன்று ஆயிரக்கணக்கான குழுக்கள் கதவைச் சாத்தின. ஜூன் 30 அன்று அப்போலோ நின்றுபோனது. குழுக்களைத் திறக்காத மட்டுறுத்துநர்களை நீக்கிவிட்டு வேறு ஆள் போடுவோம் என்று நிறுவனம் சொன்னது. மறு ஆண்டு மார்ச்சில் பங்குச்சந்தைக்கு வந்தார்கள், பங்கு ஒன்று 34 டாலர். அதற்காகக் கொடுத்த ஆவணத்தில்தான் உண்மை வெளிவந்தது. பயனர்கள் எழுதிய தரவுக்கு உரிமம் கொடுக்கும் ஒப்பந்தங்கள் 203 மில்லியன் டாலருக்குக் கையெழுத்தாகியிருந்தன.

செயலிகளை மூடியதை அதுவரை நான் வேறு மாதிரி புரிந்துகொண்டிருந்தேன். செயலிக்காரர்களிடம் காசு வாங்கத்தான் கதவைப் போட்டார்கள் என்று நினைத்தேன். சரக்கை விற்க வேண்டுமானால் முதலில் கிடங்குக்குப் பூட்டு வேண்டும் அல்லவா?

கணக்குப்பிள்ளை

அதே பங்கு வெளியீட்டில் பயனர்களுக்கும் மட்டுறுத்துநர்களுக்கும் ஒரு பகுதியை ஒதுக்கினார்கள், பெரிய முதலீட்டாளர்களுக்குக் கொடுத்த அதே விலைக்கு. முதல் நாள் முடிவில் பங்கு 50 டாலரைத் தாண்டியது. அதையும் சொல்லுங்கள்.

மட்டுறுத்துநர்களின் வேலைக்கு விலை போட முடியாது என்கிறீர்கள். போட்டிருக்கிறார்கள். 2022இல் வெளியான ஓர் ஆய்வு, ரெடிட் மட்டுறுத்துநர்களின் ஊதியமில்லா உழைப்பைக் குறைந்தது ஆண்டுக்கு 34 லட்சம் டாலர் என்று மதிப்பிட்டது. நிறுவனத்தின் 2019 வருமானத்தில் அது 2.8 சதவீதம். பெரிய சுரண்டல் என்று கிளம்புபவர்கள் இந்தத் தொகையைப் பார்த்ததும் கொஞ்சம் ஏமாந்துபோகிறார்கள்.

இரவுக்காவல்

"குறைந்தது" என்ற சொல்லை நீங்களே எழுதிவிட்டு நீங்களே தாண்டிப் போகிறீர்கள். பதிவேட்டில் விழுந்த செயல்களை வைத்துப் போட்ட கணக்கு அது. விடியும்வரை பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது எந்தப் பதிவேட்டில் விழும்?

கணக்குப்பிள்ளை

அது நியாயம். எடுத்துக்கொள்கிறேன்.

பழைய மோடம்

நீங்கள் எல்லோரும் 2023இல் தொடங்கியதுபோல் பேசுகிறீர்கள். இந்தக் கதை முதலில் நடந்தது இசைக் குறுந்தகடு காலத்தில். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கணினியில் இசைத் தகட்டைப் போட்டால் "தடம் 1, தடம் 2" என்றுதான் தெரியும். பாட்டின் பெயர், பாடியவர் பெயர் எதுவும் தகட்டில் கிடையாது. பழைய தர வரையறையில் அதற்கு இடமே வைக்கவில்லை. 1993 வாக்கில் டி கான் என்ற நிரலாளர் கணினியில் தகட்டை ஓட்டும் எக்ஸ்எம்சிடி என்ற இயக்கி மென்பொருளை எழுதினார். தகட்டில் ஒவ்வொரு பாட்டும் எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற கணக்கிலிருந்து ஓர் அடையாள எண்ணை உருவாக்கினார். அந்த எண்ணோடு பெயர்ப் பட்டியலைச் சேர்த்து வைத்தால், அடுத்த முறை தகட்டைப் போட்டதும் பெயர்கள் தானாக வரும். அவரும் ஸ்டீவ் ஷெர்ஃபும் சேர்ந்து அதை இணையத்தில் வைத்தபோது பிறந்ததுதான் சிடிடிபி.

பட்டியலை நிரப்பியது யார்? நாங்கள்தான். தகட்டைப் போடுவோம், "கிடைக்கவில்லை" என்று வரும். அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பதினான்கு பாட்டுகளின் பெயரையும் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டுவோம். "அனுப்பு" என்ற பொத்தானை அழுத்தும்போது ஒரு சின்னப் பெருமை. உலகத்தில் எங்கோ இருக்கும் ஒருவன் இதே தகட்டைப் போடும்போது நான் தட்டிய பெயர் அவனுக்கு வரும். நான் மட்டும் இருநூறு தகடு செய்திருப்பேன். பிழையோடு அனுப்பியவர்களும் உண்டு, அதைத் திருத்தி அனுப்பியவர்களும் உண்டு.

1998இல் அது ஒரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. பின்னால் பெயர் கிரேஸ்நோட் என்று மாறியது. 2001இல் உரிமம் வாங்காத மென்பொருள்களுக்கு வாசல் மூடியது. நான் தட்டிய பெயர்களை நானே பார்க்க வேண்டுமென்றால், என் இயக்கியை எழுதியவர் கிரேஸ்நோட்டோடு ஒப்பந்தம் போட்டிருக்க வேண்டும். 2008இல் சோனி அதை ஏறக்குறைய 260 மில்லியன் டாலருக்கு வாங்கியது. பின்னும் இரண்டு முறை கைமாறி, கடைசியில் நீல்சன் 560 மில்லியன் டாலர் கொடுத்தது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது கோபத்துக்குப் பிறகு நடந்ததை. பழைய தரவின் நகல் சிலரிடம் இருந்தது. அதை வைத்து ஃப்ரீடிபி என்ற ஒன்றைத் தொடங்கினார்கள். ராபர்ட் கே என்பவர் மியூசிக்பிரெய்ன்ஸ் என்ற இன்னொன்றைத் தொடங்கினார். இனி எந்த நிறுவனமும் இதைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது என்பதற்காக 2004இல் லாபநோக்கற்ற அமைப்பாகப் பதிவு செய்தார். அடிப்படைத் தரவை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து வைத்தார். ஃப்ரீடிபி 2020இல் மூடப்பட்டது. மியூசிக்பிரெய்ன்ஸ் இன்றும் நடக்கிறது, பெரிய நிறுவனங்கள் அதைப் பயன்படுத்திக்கொண்டு ஆதரவுத் தொகை கட்டுகின்றன.

ஐஎம்டிபி என்ற திரைப்படத் தகவல் தளமும் இப்படித்தான். 1990இல் யூஸ்நெட் விவாதக் குழுவில் திரைப்பட ரசிகர்கள் தொகுத்த பட்டியல்கள் அவை. 1998இலிருந்து அமேசானுக்குச் சொந்தம். அதை இங்கே நீட்டவில்லை.

வாய்க்கொழுப்பு

இருநூறு தகட்டுக்கும் தட்டச்சுக் கூலி கணக்குப் போட்டு நீல்சனுக்கு அனுப்புங்கள் ஐயா. வட்டியோடு.

கிளைநதி

பழைய மோடம் ஐயா சொன்னதில் எல்லாமே ஒரு வரியில் அடங்கியிருக்கிறது: "பழைய தரவின் நகல் சிலரிடம் இருந்தது." அது இல்லையென்றால் ஃப்ரீடிபி இல்லை.

நான் திறமூல மென்பொருள் (நிரலை யாரும் பார்க்கலாம், எடுத்து மாற்றலாம்) ஒன்றைப் பராமரிப்பவன். எங்கள் பக்கத்திலும் இதே நாடகம், வேறு உடையில். எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருளை உருவாக்கும் எலாஸ்டிக் நிறுவனம் 2018இல், அப்பாச்சி என்ற திறமூல உரிமத்தில் உள்ள எங்கள் நிரலின் உரிமத்தை மாற்றியதில்லை, மாற்றவும் மாட்டோம் என்று பகிரங்கமாக எழுதியது. 2021 ஜனவரியில் மாற்றியது. ஹாஷிகார்ப் நிறுவனம் 2023 ஆகஸ்டில் டெராஃபார்ம் என்ற தன் மென்பொருளின் உரிமத்தை மாற்றியது. அடுத்த ஏப்ரலில் ஐபிஎம் அந்த நிறுவனத்தை 6.4 பில்லியன் டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. தரவுத்தள மென்பொருளான ரெடிஸ் 2024 மார்ச்சில் மாற்றியது.

ஒவ்வொரு முறையும் துரோகம் என்ற கூக்குரல் கேட்டது. ஆனால் அடுத்து என்ன நடந்தது என்று பாருங்கள். எலாஸ்டிக்சர்ச்சின் நகலிலிருந்து ஓப்பன்சர்ச் என்ற தனித் திட்டம் பிரிந்தது. டெராஃபார்மிலிருந்து ஓப்பன்டோஃபு பிரிந்தது. ரெடிஸ் மாற்றி ஏறக்குறைய ஒரே வாரத்தில் லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் வால்கீ பிரிந்தது. ரெடிஸில் நெடுநாள் உழைத்தவர்கள் பலர் அங்கே போய்விட்டார்கள். அதன்பின் எலாஸ்டிக்கும் ரெடிஸும் ஏஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தைச் சேர்த்துப் பாதித் தூரம் திரும்பி வந்தன. திரும்பி வந்ததற்குக் காரணம் மனசாட்சி என்று நான் நம்பவில்லை. நேற்றுவரை திறந்திருந்த நிரலின் நகல் எல்லோர் கையிலும் இருந்தது, அவ்வளவுதான்.

ஆகவே வாக்குறுதியை நம்பாதீர்கள், இரண்டைப் பாருங்கள். முதலாவது, பதிப்புரிமை யாரிடம் இருக்கிறது? நிரல் கொடுக்கும்போது பங்களிப்பாளர் ஒப்பந்தம் என்று ஒன்றில் கையெழுத்து வாங்குவார்கள். அது பெரும்பாலும் பின்னால் உரிமத்தை மாற்றிக்கொள்ளும் அதிகாரத்தை நிறுவனத்துக்குக் கொடுக்கும். லினக்ஸ் இயங்குதளத்தின் கருநிரலில் அந்த வழக்கமே இல்லை. ஆயிரக்கணக்கானவர்களிடம் பதிப்புரிமை சிதறிக் கிடக்கிறது. அதன் உரிமத்தை இனி அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே நினைத்தாலும் மாற்ற முடியாது. இரண்டாவது, முழு நகலை இன்றே எடுத்துக்கொண்டு போக முடியுமா? அடுத்த மாதம் தருகிறோம், கேட்டால் தருகிறோம் என்பதெல்லாம் கணக்கில் வராது.

மைப்புட்டி அண்ணா, உங்கள் தளத்தில் அந்த இரண்டில் ஒன்றாவது இருந்ததா?

மைப்புட்டி

இல்லை. அப்படி ஒன்று இருக்கிறது என்பதே எனக்கு இன்றுதான் தெரியும். நான் நிரலாளன் இல்லை தம்பி. ஒரு பெட்டியில் தட்டுவேன், "வெளியிடு" என்ற பொத்தானை அழுத்துவேன்.

நீங்கள் சொல்வது நன்றாக இருக்கிறது, ஆனால் என் பிரச்சினையை அது தொடவில்லை. என்னிடம் நகல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? இன்னொரு தளம் போடுவேனா? ரப்பரை ஸ்பிரிட்டில் துடை என்று அந்தப் பெட்டி சொல்வது அப்போதும் நிற்காது.

பழைய மோடம்

நிரலாளர்களின் கேள்வி–பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃபுளோவின் கதை இதற்குப் பொருந்தும். 2008இல் அதைத் தொடங்கியதற்கே ஒரு காரணம், அதற்கு முன்பிருந்த எக்ஸ்பர்ட்ஸ் எக்ஸ்சேஞ்ச் தளம் பிறர் எழுதிய பதில்களைக் கட்டணச் சுவருக்குப் பின்னால் வைத்திருந்ததுதான். அந்த எரிச்சலில் பிறந்த தளம் என்பதால் முதலிலிருந்தே, பிறரும் எடுத்துப் பயன்படுத்த விடும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம். 2009இலிருந்து முழுத் தரவையும் அவ்வப்போது பொதுவில் கொட்டிவந்தார்கள். நாளைக்கு நாங்கள் கெட்டுப்போனால் இதை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள் என்று பொருள். கிளைநதி சொல்லும் அதே வாசல்.

2021இல் புரோசஸ் நிறுவனம் அதை 1.8 பில்லியன் டாலருக்கு வாங்கியது. 2023 ஜூனில் பார்த்தால் தரவுக் கொட்டல் சத்தமில்லாமல் நின்றிருந்தது. கூச்சல் போட்டபின் மீண்டும் வந்தது. மறு ஆண்டு, உள்நுழைந்து, மொழி மாதிரிகளை (உரையாடல் பெட்டிகளை இயக்கும் செயற்கை நுண்ணறிவை) பயிற்றுவிக்கப் பயன்படுத்த மாட்டேன் என்று ஒப்புக்கொண்டால்தான் தருவோம் என்றார்கள். அதே 2024 மேயில், சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐயோடு கூட்டு அறிவித்தார்கள். எதிர்ப்புக் காட்டத் தங்கள் பதில்களை அழித்தவர்களின் கணக்குகள் தற்காலிகமாக முடக்கப்பட்டன. மைப்புட்டிக்கு நடந்தது அவருக்கு மட்டும் நடந்ததில்லை.

கணக்குப்பிள்ளை

இந்த இடத்தில் நான் தளத்தின் பக்கம்தான். ஒரு பதிலை எழுதிய பிறகு அது எழுதியவருக்கு மட்டும் சொந்தமாக இருப்பதில்லை. அதைத் திருத்தியவர்கள் இருக்கிறார்கள், அதற்கு இணைப்புக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள், நாளைக்கு அதே கோளாறோடு வரப் போகிறவர் இருக்கிறார். நிறுவனத்தின்மேல் உள்ள கோபத்தில் பதிலை அழித்தால் அடி விழுவது அந்தக் கடைசி ஆளுக்கு. மைப்புட்டி அவர்களே, நாற்பது பதில் அழித்தீர்கள். நிறுவனத்துக்கு அதனால் என்ன நட்டம்? அவர்களிடம் காப்பு நகல் இருக்கும்.

மைப்புட்டி

தெரியும். நாற்பதை அழித்துவிட்டு நானே தூங்கவில்லை. அதில் ஒன்று, நாற்றம் வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டியுங்கள் என்று எழுதிய பதில்.

கத்துக்குட்டி

எல்லோரும் பெரியவர்கள், தவறாக எண்ண வேண்டாம். நான் கல்லூரி மாணவி. நிரல் எழுதக் கற்கிறேன். என் முதல் கேள்வியை ஒரு தளத்தில் போட்டேன். ஏழு நிமிடத்தில் "இது ஏற்கெனவே கேட்கப்பட்டது" என்று மூடிவிட்டார்கள். அவர்கள் காட்டிய பழைய கேள்வி என் கேள்வி இல்லை. ஒருவர், முதலில் தேடக் கற்றுக்கொள் என்று எழுதினார். அதன்பின் நான் அங்கே போகவில்லை. இயந்திரத்திடம் கேட்கிறேன். இரவு இரண்டு மணிக்கும் பதில் சொல்கிறது, ஒரே கேள்வியை ஐந்து முறை கேட்டாலும் சலித்துக்கொள்வதில்லை. நீங்கள் இழந்துவிட்டதாகச் சொல்லும் அந்தச் சமூகத்துக்குள் என்னைப் போன்றவர்களை யாரும் வரவேற்றதே இல்லை.

இரவுக்காவல்

இதற்கு என்னிடம் பதில் இல்லை. நானும் அப்படிப் பல கேள்விகளை மூடியிருக்கிறேன். ஒரே கேள்வியை ஆயிரமாவது முறை பார்க்கும்போது, கேட்பவருக்கு அது முதல் முறை என்பது மறந்துபோகும். மன்னிப்புக் கேட்க வேண்டியவர்களின் பட்டியல் என்னிடம் இல்லை.

கிளைநதி

அவர் சொல்வது உண்மை, அதன் அடியில் ஒரு சிக்கலும் இருக்கிறது. இயந்திரம் உங்களுக்குப் பதில் சொல்ல முடிவதே, பதினைந்து ஆண்டுகளாக மனிதர்கள் பொதுவில் சண்டை போட்டுக்கொண்டு எழுதியதால்தான். சாட்ஜிபிடி வந்த 2022 இறுதிக்குப் பிறகு ஸ்டாக் ஓவர்ஃபுளோவில் புதிய கேள்விகள் வெகுவாகச் சரிந்துவிட்டன. நீங்கள் இரவு இரண்டு மணிக்குக் கேட்ட கேள்வியும் கிடைத்த விடையும் உங்கள் திரைக்குள் நின்றுவிடுகின்றன. நாளை புதிய மென்பொருள் பதிப்பு ஒன்று வரும், புதிய கோளாறு வரும். அதற்கு விடை கண்டவர் எங்கே எழுதுவார்?

கணக்குப்பிள்ளை

காசு கொடுத்து எழுதவைப்பார்கள். இப்போதே நிபுணர்களை வைத்து எழுதவைக்கிறார்கள். சந்தை அந்த ஓட்டையை அடைக்கும்.

பழைய மோடம்

மென்பொருளுக்கு அடைக்கலாம். ஒன்பது ஆண்டுப் பழைய அச்சுப்பொறியின் உருளைக்கு யார் காசு கொடுத்து எழுதவைப்பார்கள்? எழுதினால் புதிய அச்சுப்பொறி விற்காதே.

வாய்க்கொழுப்பு

இழையில் முதல் முறையாகக் கணக்குப்பிள்ளை பதில் எழுத இரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்கிறார்.

கணக்குப்பிள்ளை

சாப்பிடப் போயிருந்தேன்.

பழைய மோடம் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். லாபம் இல்லாத அறிவு என்று ஒன்று இருக்கிறது, அதைச் சந்தை எழுதாது. ஆனால் அதற்காக எல்லாவற்றையும் அறக்கட்டளை நடத்த வேண்டும் என்றால், எத்தனை அறக்கட்டளை தாங்கும்? விக்கிப்பீடியாவை விட்டால் கைவிரல்களுக்குள் எண்ணிவிடலாம்.

கிளைநதி

விக்கிப்பீடியாவும் தானாக அப்படி ஆகவில்லை. 2002இல் விளம்பரம் வரலாம் என்ற பேச்சு எழுந்ததுமே ஸ்பானிய மொழிப் பங்களிப்பாளர்கள் கட்டுரைகளின் நகலை எடுத்துக்கொண்டு தனியாகப் பிரிந்து போனார்கள். இன்றுவரை விளம்பரம் வரவில்லை. விக்கிமீடியா அறக்கட்டளை அதற்கு மறு ஆண்டுதான் உருவானது. அந்தப் பிரிவு இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது; எனக்கு ஒரு எண்ணம் உண்டு.

பெரிய நிறுவனங்களிடம் காசு வாங்கவும் அவர்கள் ஒரு வழி கண்டார்கள். 2021இல் வணிகப் பயனர்களுக்குத் தனிச் சேவை தொடங்கினார்கள், கூகுள் வாடிக்கையாளர் ஆனது. அங்கே விற்கப்படுவது வேகமும் உத்தரவாதமும். உள்ளடக்கம் எப்போதும்போல் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. பூட்டாமலும் விற்கலாம்.

மைப்புட்டி

நீங்கள் எல்லோரும் உரிமம், நகல், பணம் என்று பேசிக்கொண்டே போகிறீர்கள். நான் தொடங்கிய இடத்துக்கு ஒருமுறை வாருங்கள். என் பெயர் இருந்தபோது பதிலில் தவறு இருந்தால் ஒருவர் கீழே எழுதுவார், நான் திருத்துவேன். ஏழெட்டு முறை அப்படித் திருத்தியிருக்கிறேன். ஒருமுறை ஒரு பெரியவர், உங்கள் பேச்சைக் கேட்டு மூடியை உடைத்துவிட்டேன் என்று எழுதினார். அந்த மாதிரியில் மூடிக்கு அடியில் இன்னொரு கொக்கி இருப்பது எனக்குத் தெரியாது. அன்றே பதிலை மாற்றினேன். இன்று அந்தப் பெட்டி சொல்லும் தவறை யாரிடம் போய்ச் சொல்வது? அதன் கீழே கட்டைவிரல் படம் ஒன்று இருக்கிறது. அழுத்தினேன். "கருத்துக்கு நன்றி" என்றது. மறுநாள் கேட்டேன், அதே ஸ்பிரிட்!

பெயரைப் போடச் சொன்னது பெருமைக்காக மட்டும் இல்லை. சரி, கொஞ்சம் பெருமைக்காகவும்தான்.

பழைய மோடம்

சிடிடிபியில் எங்கள் பெயர் எங்கும் இருந்ததில்லை. அது எங்களுக்கு உறைக்கவே இல்லை. பாட்டின் பெயருக்கு ஆசிரியர் தேவையில்லை, சரி அல்லது தவறு. உங்கள் பதில் அப்படிப்பட்டது இல்லை என்பது இப்போது புரிகிறது.

கத்துக்குட்டி

மைப்புட்டி ஐயா, கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது. எங்கள் விடுதியில் எல்லோருக்கும் சேர்த்து ஒரு பழைய லேசர் அச்சுப்பொறி இருக்கிறது. ஒரு மாதமாக இரண்டு மூன்று தாள்களைச் சேர்த்து இழுக்கிறது. இயந்திரத்திடம் கேட்டேன். உருளையை ஸ்பிரிட்டால் துடைக்கச் சொன்னது. இந்த இழையைப் பார்த்த பிறகு துடைக்கவில்லை.

மைப்புட்டி

துடைக்காமல் இருந்தது நல்லது.

முதலில் தாள்களைப் பாருங்கள். கட்டைப் பிரித்து எத்தனை நாளாகத் தட்டில் கிடக்கிறது? ஈரக் காற்றில் தாள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தட்டில் உள்ளதை வெளியே எடுத்து வைத்துவிட்டு, புதிய கட்டிலிருந்து ஐம்பது தாள் எடுங்கள். சீட்டுக்கட்டை விசிறுவதுபோல் நான்கு ஓரமும் விசிறி, மேசையில் தட்டி நேராக்கி வையுங்கள். தட்டில் வரம்புக் கோடு ஒன்று இருக்கும், அதற்கு மேலே போகக் கூடாது.

அப்படியும் இரண்டாக வந்தால் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுத் தட்டை முழுவதும் வெளியே இழுங்கள். மேலே, காகிதத்தைத் தொடும் இடத்தில் ரப்பர் உருளை இருக்கும். அதற்கு எதிரே, கீழே, விரல் அகலத்தில் தக்கைபோலவோ ரப்பர்போலவோ ஒரு சின்னப் பட்டை இருக்கும். உருளை தாளை இழுக்கும், அந்தப் பட்டை இரண்டாவது தாளைப் பிடித்து நிறுத்தும். இரண்டு தாள் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் குற்றவாளி அந்தப் பட்டைதான், உருளை இல்லை. பஞ்சு உதிராத துணியை நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்து இரண்டையும் துடையுங்கள். காய்ந்த பிறகு தட்டைப் போடுங்கள். பட்டை எப்படி இருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள்.

கத்துக்குட்டி

பார்த்தேன் ஐயா. பட்டை நடுவில் பள்ளமாகத் தேய்ந்திருக்கிறது. வழவழவென்று பளபளக்கிறது. உருளையிலும் கோடு கோடாக வெடிப்பு இருக்கிறது. துடைத்தபின் பத்துத் தாள் சரியாக வந்தன. பதினோராவது முறை இரண்டு சேர்ந்து வந்தன.

மைப்புட்டி

அப்படியானால் இரண்டும் முடிந்துவிட்டன, துடைத்துப் பயனில்லை. வாங்கும்போது உருளையையும் பட்டையையும் சேர்த்தே வாங்குங்கள். புது உருளையைப் பழைய பட்டையோடு போட்டால் இழுப்பு அதிகமாகி, இரண்டாக வருவது மூன்றாக வரும். மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் மாதிரி எண்ணை இங்கே எழுதுங்கள். சில மாதிரிகளில் பட்டையைக் கழற்ற அடியில் இரண்டு திருகாணி உண்டு, சிலவற்றில் வெறும் கொக்கிதான். தெரியாமல் நெம்பினால் உடைந்துவிடும்.